காலாவதியான பாஸ்போர்ட்டும் அவசரப் பயணமும்: வேலூரிலிருந்து எந்த வழி, எப்போது?

2015, 2016 ஆண்டுகளில் வேலூர்ப் பக்கத்தில் எடுக்கப்பட்ட பாஸ்போர்ட்டுகள் இப்போது வரிசையாகப் பத்தாண்டுக் காலத்தை முடித்துக்கொண்டு வருகின்றன. சவூதியில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேரணாம்பட்டுக்காரர், மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகவேண்டிய காட்பாடி அம்மா, மிலான் தோல் கண்காட்சிக்குக் கிளம்பும் ஆம்பூர் ஏற்றுமதியாளர் என எல்லோருமே பெரும்பாலும் டிக்கெட் போடும் நேரத்தில்தான் புகைப்படப் பக்கத்தில் உள்ள அந்தத் தேதியைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் வீட்டில் எழும் முதல் சொல் ‘தட்கல்’, அதாவது கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும் விரைவுச் சேவை. அது சில வேளைகளில் சரியான விடை, சில வேளைகளில் தேவையற்ற செலவு, இன்னும் சில வேளைகளில் போதாத விடை. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க முயல்கிறது.

நம் முன்னே உள்ள வழிகள் நான்கு: சாதாரண முறையில் மறுவெளியீடு (பழைய புத்தகத்துக்குப் பதிலாகப் புதியது பெறுவது), தட்கல் முறையில் மறுவெளியீடு, மருத்துவம் அல்லது மரணம் போன்ற காரணத்தைக் காட்டி அலுவலகத்தை நேரில் அணுகுவது, பயணத்தையே தள்ளிவைப்பது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கட்டணத்தை வைத்து முடிவு செய்பவர்களே அதிகம். என் பார்வையில் கட்டணம் கடைசியில் வரவேண்டிய கணக்கு. முதலில் கேட்கவேண்டியவை இரண்டே கேள்விகள்: எந்த பாஸ்போர்ட் சேவை மையத்தில் மிக அண்மையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது? காவல்துறை சரிபார்ப்பு பாஸ்போர்ட் அச்சாவதற்கு முன் நடக்குமா, பின் நடக்குமா? அச்சடிப்பதில் நாட்கள் கரைவதில்லை. இந்த இரண்டு இடங்களில்தான் கரைகின்றன.

அதற்கும் முன்னால், காலாவதி என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் உள்ளே நுழையும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதம் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கின்றன; ஷெங்கன் நாடுகள் எனப்படும், பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகள், அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் மீதமிருக்கவேண்டும் என்கின்றன. ஆகவே நான்கு மாதம் மிச்சமுள்ள பாஸ்போர்ட்டும் துபாய்ப் பயணத்துக்குக் காலாவதியானதுதான். விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி இதற்காகவே இருந்தும், அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. மறுபக்கம், நேபாளத்துக்கோ பூடானுக்கோ போகிறவர்களுக்கு இந்தப் பதற்றமே வேண்டியதில்லை. இந்தியக் குடிமக்கள் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டே அந்த இரு நாடுகளுக்கும் செல்லலாம்.

இன்னொரு கணக்கு விசா. கையில் விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியவர் தட்கலில் நாலைந்து நாட்களை மிச்சப்படுத்தினாலும், ஷெங்கன் விசா முடிவுக்கு விதிப்படியே பதினைந்து நாட்கள் வரை ஆகக்கூடும். அங்கே இழுபறி ஆனால், இங்கே மிச்சப்படுத்தியது கரைந்துவிடும். அமீரகம், சிங்கப்பூர் போன்ற மின்விசா நாடுகளுக்குச் செல்பவருக்கே பாஸ்போர்ட்டின் வேகம் முழுப் பலன் தருகிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: மின்விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது என்பதால், பழைய எண்ணில் எடுத்த விசா புதிய பாஸ்போர்ட்டுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. அமெரிக்க விசா இதற்கு விலக்கு. பழைய புத்தகத்தில் உள்ள விசா காலாவதியாகாமலும் சேதமில்லாமலும் இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். மையத்தில் பழைய பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டி ரத்து முத்திரை இடும்போது, விசா உள்ள பக்கத்தைத் திறந்து காட்டி, அது சேதமாகாதபடி பார்க்கச் சொல்லிவிட வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் வேகவேகமாகப் பல புத்தகங்களைக் கையாள்பவர். நாம் சொல்லாமல் அவர் தேடிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி வழிகளுக்கு வருவோம். சாதாரண முறையில் பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்தின் கட்டணம் 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். பாஸ்போர்ட் காலாவதியாகி மூன்றாண்டுக்குள் இருந்து, பெயர், பிறந்த தேதி, முகவரி எதுவும் மாறாமல், தம்மேல் வழக்கு எதுவும் இல்லாமல் இருந்தால், பலருக்கும் முன்கூட்டிய காவல்துறை சரிபார்ப்பு இல்லாமலேயே கோப்பு நகர்ந்துவிடுகிறது; அப்படி நகரும் கோப்புகள் சாதாரண முறையிலும் ஒரு வாரத்துக்குள் புத்தகமாகி ஸ்பீடு போஸ்ட்டில் ஏறிவிடுவது உண்டு. சரிபார்ப்பு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். அது நம் கையில் இல்லை. ஆனால் தரவுகள் எல்லாம் பழையபடியே இருக்கும் ஒருவர், மூன்று வாரம் அவகாசம் இருக்கும்போது, தட்கலுக்கு ஓடுமுன் சாதாரண முறையில் எந்தத் தேதி கிடைக்கிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். நான் அறிந்தவரை, வேலூரில் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுபவர்களே அதிகம்.

தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய். ஆக 36 பக்கப் புத்தகத்துக்கு மொத்தம் 3,500 ரூபாய். முன்பதிவின்போது சாதாரணக் கட்டணத்தை மட்டும் இணையத்தில் கட்டி, மீதியை மையத்தில் செலுத்தவேண்டும். அந்தக் கூடுதல் தொகைக்கு நாம் வாங்குவது இரண்டு சலுகைகள். ஒன்று, தட்கலுக்கென்று ஒதுக்கப்பட்ட தனி அப்பாயின்ட்மென்ட் வரிசை. மற்றொன்று, காவல்துறை சரிபார்ப்பு தேவைப்பட்டாலும் அது புத்தகம் கைக்கு வந்த பிறகே நடக்கும் என்பது. சரிபார்ப்பே தேவையில்லாத கோப்பென்றால் விண்ணப்பித்த நாளைத் தவிர்த்து ஒரு வேலை நாளிலும், பின்னர் சரிபார்ப்பு என்ற வகையில் வந்தால் மூன்றாவது வேலை நாளிலும் புத்தகம் அனுப்பப்படவேண்டும் என்பது வெளியுறவு அமைச்சகம் வைத்திருக்கும் அளவுகோல். இதிலிருந்து ஒன்று தெளிவாகும்: முகவரி மாறியவருக்கும், மூன்றாண்டுக்கு மேல் காலாவதியான புத்தகத்தை வைத்திருப்பவருக்கும்தான் தட்கலால் உண்மையான லாபம் அதிகம், ஏனென்றால் சாதாரண முறையில் அவர்களது கோப்புதான் காவல் நிலையத்துக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருக்கும்.

தட்கலுக்கு வயதுவந்தவர்கள் குறிப்பிட்ட பட்டியலிலிருந்து மூன்று ஆவணங்களைக் காட்டவேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கி பாஸ்புக் ஆகியவை அந்தப் பட்டியலில் நம்மிடம் வழக்கமாக இருப்பவை. முன்பு கேட்கப்பட்ட உயரதிகாரிச் சான்றிதழ் 2018-இல் நீக்கப்பட்டுவிட்டது; இன்னமும் அதற்காகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அலைபவர்களிடம் யாராவது இதைச் சொன்னால் நல்லது. ஆவணங்கள் மூன்றாக இருப்பது மட்டும் போதாது, மூன்றும் ஒரே பெயரைச் சொல்லவேண்டும். ஆதாரில் முன்னால் இனிஷியல், பான் அட்டையில் தந்தை பெயர் விரிவாகப் பின்னால், பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று நம் பக்கத்து ஆவணங்கள் ஒருவரையே மூவராக்கி வைத்திருக்கும். அவசரத்தில் இருப்பவர் பழைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைத் தொடர்வது பாதுகாப்பு. பெயர்த் திருத்தத்தையும் புதுப்பித்தலையும் ஒன்றாகச் சேர்த்தால் கோப்பு வேறு வகையாகி நின்றுவிடக்கூடும். ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டோடு அமீரகத்துக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர் மட்டும், 2022 நவம்பரில் அங்கே வந்த கட்டுப்பாட்டை டிக்கெட் போடுமுன் விமான நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திருமண நிலை, முகவரி, வழக்கு விவரம் ஆகியவற்றை வேகத்துக்காக மறைப்பதோ ஆபத்தான வேலை. பின்னால் வரும் காவல்துறை அறிக்கை பாதகமாக இருந்தால், கொடுத்த பாஸ்போர்ட்டையே முடக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது.

எந்த மையம் என்பதில்தான் வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை முழுமையாகப் பயன்படுத்துவோர் குறைவு. வேலூர் தலைமை அஞ்சலகத்தில் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அதுவே முதல் தேர்வு. அரை நாளில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அஞ்சலக மையத்தில் ஆவணங்களைப் பெற்று, கைரேகையும் படமும் எடுத்த பின், கோப்புக்கு இறுதி ஒப்புதல் மண்டல அலுவலகத்தின் வழியே வரவேண்டும். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் உள்ள முழு அளவிலான சேவை மையங்களில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். மூன்றாவதில் ஒப்புதல் வழங்கும் அதிகாரியே எதிரில் அமர்ந்திருப்பார். ஆவணத்தில் ஏதேனும் ஐயம் எழுந்தால், அதை அந்த இடத்திலேயே விளக்கிச் சொல்லிவிட்டு வரலாம். அவசரத்தில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு பயணச் செலவைவிடப் பெரிது. பூந்தமல்லி வழியாகப் பேருந்தில் வருபவருக்குச் சாலிகிராமமும் அமைந்தகரையும் எளிது; தாம்பரத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தால், நகரத்தைச் சுற்றிப் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

2018 ஜூன் முதல், இந்தியாவில் எங்கு வசிப்பவரும் எந்த மண்டல அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில், திருப்பதிக்கும் அருகில் இருக்கும் நமக்கு இது எளிதில் கிடைக்காத வசதி. சென்னையில் பத்து நாட்களுக்குத் தேதி இல்லாதபோது, பெங்களூரிலோ திருப்பதியிலோ நாளை மறுநாள் இடம் இருந்தால், காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்துப் போய் வருவது கையில் உள்ள பயணத் தேதியைக் காப்பாற்றும். காவல்துறை சரிபார்ப்பு படிவத்தில் கொடுத்த முகவரியில்தான் நடக்கும். புத்தகமும் அந்த முகவரிக்குத்தான் வரும். ஆனால் வேறு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் கோப்பில் சிக்கல் வரும்போது நேரில் போய்க் கேட்கவேண்டிய அலுவலகமும் அந்த மண்டலத்துடையதே. ஆகவே ஆவணங்கள் பிசகின்றி இருப்பவருக்கே இது உகந்தது. குழப்பமான கோப்பைச் சென்னையை விட்டு வெளியே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு மையத்தின் அண்மைத் தேதியும் தெரியும். தட்கலில் எங்கே இடம் உண்டு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அரசின் இணையதளம் passportindia என்ற பெயரில் gov.in என்று முடிவது ஒன்றே. தேடும்போது மேலே வந்து நிற்கும் மற்ற தளங்கள் பலவும் கூடுதல் பணம் பறிப்பவை.

மாவட்டப் பிரிப்பு ஏற்படுத்திய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லவேண்டும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆகவே இப்போது காலாவதியாகும் பாஸ்போர்ட்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜாபேட்டை, அரக்கோணம் எல்லாமே ‘வேலூர் மாவட்டம்’ என்றே இருக்கும். வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, மாவட்டம் மட்டும் மாறியிருக்கிறது. படிவத்தில் பழைய பழக்கத்தில் வேலூரைத் தேர்ந்தெடுத்தால், காவல் நிலையப் பட்டியலும் வேலூர் எல்லைக்குள் வந்து நிற்கும். கோப்பு தவறான காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வருவதில் நாட்கள் போய்விடும். ஆம்பூர்க்காரர் திருப்பத்தூரையும், ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டையையும் தேர்ந்தெடுத்து, ஆதாரிலும் மாவட்டப் பெயர் அவ்வாறே மாறியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நீடிக்கின்றன.

மூன்றாவது வழி, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் நேரில் போவது. மருத்துவ அவசரம் போன்ற நிலைகளில், முன்பதிவுத் தேதி இல்லாமலேயே சேவை மையத்துக்கு வரலாம், சேவை தருவது பொறுப்பு அதிகாரியின் முடிவைப் பொறுத்தது என்று துறையே சொல்கிறது. இது உரிமை அன்று, வேண்டுகோள். ஆகவே விண்ணப்பத்தை இணையத்தில் பூர்த்தி செய்து, ஏ.ஆர்.என். எனப்படும் விண்ணப்ப எண்ணோடும், தட்கலுக்கான மூன்று ஆவணங்களோடும், காரணத்தை நிறுவும் தாளோடும் போகவேண்டும். அந்தத் தாள்தான் எல்லாம். ‘அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா’ என்ற வாட்ஸ்அப் செய்தி காகிதமாகாது. மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில் நோயாளியின் பெயர், சேர்த்த தேதி, மருத்துவரின் கையெழுத்து ஆகியவையும், அந்த நோயாளி நமக்கு என்ன உறவு என்று காட்டும் ஓர் ஆவணமும் வேண்டும். உறவைக் காட்ட ரேஷன் கார்டு நம் ஊரில் பெரும் உதவி. அண்ணன் தனிக் கார்டுக்குப் போய்விட்டிருந்தால், இருவரின் பள்ளிச் சான்றிதழ்களில் உள்ள தந்தை பெயர் கைகொடுக்கும். இறப்பு என்றால், அந்த நாட்டு மருத்துவமனையோ இந்தியத் தூதரகமோ கொடுத்த தாள். கல்யாணம், வேலை நேர்காணல், வணிகக் கண்காட்சி போன்றவற்றுக்கு இந்த வாசலைத் தட்டுவதில் பயனில்லை. அவற்றுக்கு உரியது தட்கல்தான். வேலூர் அஞ்சலக மையத்தில் இதற்காகக் காத்திருப்பதைவிட, முடிவெடுக்கும் அதிகாரி இருக்கும் சென்னைக்கு நேரே போவதையே நான் பரிந்துரைப்பேன். ஐயங்களுக்கு 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும்போதே காலாவதியாகிவிட்டவர்களின் நிலை வேறு. அங்குள்ள இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் என்ற ஒருவழிப் பயண ஆவணத்தைக் கொடுத்து ஊர் திரும்ப வழிசெய்யும். அது இந்தியாவுக்கு வருவதற்கு மட்டுமே. இங்கிருந்து வெளியே போக அதைப்போன்ற குறுக்கு ஆவணம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் பிறந்து, கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த பேரப்பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட் இங்கே காலாவதியானால், அதற்குரிய இடம் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம்.

நம் குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்தாண்டுதான் காலம் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். குடும்பமாகப் போகும்போது நின்றுபோவது பெரும்பாலும் சின்னவனுடையதாகத்தான் இருக்கும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு ‘டி’ உறுதிமொழி வேண்டும் என்பதால், தந்தை வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் அப்பாயின்ட்மென்ட் எடுப்பதற்கு முன்பே அந்தக் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

ஏஜென்ட்டைப் பற்றி இரண்டே வரி. படிவம் நிரப்பித் தருவது, தேதி பார்த்துத் தருவது ஆகியவற்றைத் தவிர அவரால் வேறு எதையும் வேகப்படுத்த முடியாது. உள்ளே போய்க் கைரேகை வைக்கப்போவது நாம்தான். இணையம் பழகாதவர் பக்கத்து இ-சேவை மையத்தில் நியாயமான கூலி கொடுத்து இதைச் செய்துகொள்ளலாம். ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று பேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது மேல்.

நான்காவது வழியான தள்ளிவைப்பைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. விமானத்துக்கு நான்கு நாட்கள்தான் இருக்கின்றன, கிடைக்கும் முதல் தட்கல் தேதி மூன்றாம் நாள், நடுவில் ஒரு ஞாயிறு என்றால், அந்தப் பயணம் நடக்காது. ஸ்பீடு போஸ்ட் காட்பாடிக்கு ஒரே இரவில் வந்துவிடும் என்று நம்பி டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, மாற்றுக் கட்டணம் குறைவாக இருக்கும்போதே தேதியை மாற்றிவிடுவது செலவு குறைந்த வழி. சவூதியிலிருந்து விடுப்பில் வந்தவருக்கு இன்னொரு வசதி உண்டு: விடுப்பு முடிந்து திரும்பிச் செல்வதற்கான மறுநுழைவு விசாவின் காலத்தை முதலாளி அங்கிருந்தே இணையவழியில் நீட்டிக்க முடியும். ஆகவே தட்கலுக்குப் போகும் அதே நாளில் கம்பெனிக்கும் தகவல் சொல்லி நீட்டிப்பைக் கேட்டுவைப்பது, ஒன்று தவறினாலும் வேலையைக் காக்கும். மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பார்க்கவேண்டிய குடும்பத்தில், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ள தம்பியை முதலில் அனுப்பிவிட்டு, மற்றவர் சாதாரண முறையில் பின்னால் போவதும் யோசிக்கத்தக்க ஏற்பாடு.

மேலே சொன்ன மூவரில் பேரணாம்பட்டுக்காரருக்குத் தட்கலும் நீட்டிப்பும் சேர்ந்தே வேண்டும். காட்பாடி அம்மாவின் புத்தகம் சென்ற மாதம்தான் காலாவதியாகி, பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறதென்றால், வேலூர் அஞ்சலக மையத்தில் 1,500 ரூபாயே போதும். ஆம்பூர் ஏற்றுமதியாளர் தட்கல் எடுக்கலாம். ஆனால் பழைய புத்தகத்தில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இல்லையென்றால், அவர் முதலில் பார்க்கவேண்டியது விசா மையத்தின் தேதியை.

புத்தகம் அனுப்பப்பட்டதும் கைபேசிக்கு ஸ்பீடு போஸ்ட் எண் வரும். தபால்காரர் அதை விண்ணப்பித்தவரிடமே அடையாள அட்டை பார்த்துக் கொடுக்கவேண்டும் என்பதால், அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு திருத்தணிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விட்டால், உறை மண்டல அலுவலகத்துக்கே திரும்பக்கூடும். கிளை அஞ்சலகத்துக்குக் காலையிலேயே போய் எண்ணைக் காட்டி விசாரிப்பதில் தவறில்லை. வாங்கியவுடன் பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி ஆகியவற்றோடு, பத்தாம் வகுப்பு தேறியவர்கள் ‘குடியேற்ற அனுமதி தேவை’ (ECR) என்ற குறிப்பு தவறுதலாக ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வளைகுடாவுக்கு வேலை விசாவில் போகிறவரை அந்த ஒரு குறிப்பு விமான நிலையத்திலேயே நிறுத்திவிடும். மதிப்பெண் சான்றிதழை மையத்துக்கு எடுத்துப் போகாதவர்களுக்கே பெரும்பாலும் இது நேர்கிறது.